புளிப்பு பியர் குடித்த ஞாயிற்றுக்கிழமை

ஜன்னல் ஓரத்தை நீயே வைத்துக்கொள்ளம்மா, எனக்கு வேண்டாம். மலை ஏறும்போது வெளியே பார்த்தால் எனக்குக் குமட்டும். இப்படி உன் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தால் ஒன்றும் ஆகாது. ராத்திரி பெங்களூரிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் பக்கத்தில் ஒரு பெண். ஏறினதும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மூச்சு இருக்கிறதா என்று நான்தான் நடுநடுவே தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நீ அப்படி இல்லை. நான் உட்கார்ந்ததும் காதிலிருந்த வயரைக் கழற்றினாயே, அதிலேயே தெரிந்துவிட்டது, வளர்த்தவர்கள் ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள்.

கோத்தகிரிக்கா போகிறாய்? நான் அதற்கு முன்னாலேயே, அரவேணுவில் இறங்கிவிடுவேன். சிநேகிதிகள் வீடு. சிநேகிதிகள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், நாற்பது வருஷப் பழக்கம். அவர்கள் என்னை அந்த வீட்டில் சேர்த்துக்கொள்வார்களா மாட்டார்களா என்பது இந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். ‘ரெண்டு நாள் வந்து இரு, பார்க்கலாம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். பார்க்கலாமாம். வேலைக்காரியை வைத்துப் பார்க்கிற மாதிரி. முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி கிடக்கிறதே, கண்டக்டர் அதற்கு ஒரு பாட்டுப் பாடினானே, அது என்னுடையதுதான். கம்பளி, ஸ்வெட்டர், என் தலையணை, எல்லாம் இருக்கிறது. இரண்டு நாளைக்கு யாராவது தலையணை எடுத்துப்போவார்களா என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள்.

முதலிலிருந்து சொல்கிறேன். குஞ்சப்பனை செக்போஸ்ட் வருகிற வரைக்கும்தான் பேசுவேன், அப்புறம் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

நான், ரோஸ்லின், இந்துமதி, மூன்று பேரும் கான்வென்ட் போர்டிங்கில் ஒன்றாக வளர்ந்தவர்கள். கட்டில்கூட வரிசையாக. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள் பேசி முடிவு செய்து வைத்திருந்தோம்: வயசானால் மூன்று பேரும் மலையில் ஒரு வீடு எடுத்து ஒன்றாக இருப்பது. ரோஸ்லின் சமையல், இந்து தோட்டம், நான் நிர்வாகம். நிர்வாகத்தை நானேதான் எடுத்துக்கொண்டேன். அவர்கள் இரண்டு பேருக்கும் பென்சில் சீவுவதற்கே யோசனை சொல்ல ஆள் வேண்டும்.

அப்புறம் ஆளுக்கொரு வாழ்க்கை. ரோஸ்லின் பேங்கில் சேர்ந்தாள், ஜோசப்பைக் கட்டினாள், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜோசப் போய்விட்டார். இந்து கல்யாணமே வேண்டாம் என்று காலேஜ் லைப்ரரியில் உட்கார்ந்தாள். பேசக் கூடாது என்று போர்டு மாட்டின இடத்தில்தான் அவளுக்கு மூச்சே வரும். நான் பி.ஏ. முதல் வகுப்பு. இங்கிலீஷ் லிட்டரேச்சர். இருபத்திரண்டு வயசில் கல்யாணம் ஆகி, அன்றிலிருந்து சாம்பார். பையன் டப்ளினில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், ‘அம்மா, மீட்டிங் இருக்கு’ என்று வைத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை என்னடா மீட்டிங் என்று கேட்டால் அங்கே அப்படித்தானாம்.

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ரிடையர் ஆகிவிட்டார். எங்கள் வீட்டில் நான் பேசுவேன், சுவர் கேட்கும், டிவி பதில் சொல்லும். அந்த வீட்டில் மூன்றாவது மாடி பால்கனியில் துணி உலர்த்துகிற நேரத்தில்தான் எனக்கு வெளி உலகம். எதிர் பால்கனி அம்மாவிடம் நாலு வார்த்தை பேசலாம் என்றால் அவள் இப்போதெல்லாம் துணியை உள்ளேயே உலர்த்துகிறாள். பூஞ்சை பிடிக்கும், எனக்கென்ன.

ஆகவே ரோஸ்லினும் இந்துவும்தான் எனக்கு. தெரிகிறதா? வேறு யாரும் கிடையாது.

மார்ச் மாதம் ரோஸ்லின் போன் செய்தாள்.

“சுகி, இந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் வேற எதுவும் வெச்சுக்காதே. இந்திராநகர்ல புளிப்பு பியர் ருசி பார்க்கற நிகழ்ச்சி. மூணு பேருக்கும் சொல்லி வெச்சாச்சு.”

“என்ன பியர்?”

“புளிப்பு பியர். அது ஒரு வகைடீ. வேணும்னே புளிக்க வைப்பாங்களாம்.”

“கெட்டுப்போனதை எவனோ வித்துத் தீர்க்கறான், நீ போய் மாட்டியிருக்கே. என் மாவுப் பாத்திரத்தை எடுத்துட்டு வரேன், ஆளுக்கு ஒரு கரண்டி குடிங்க.”

“வரியா, இல்லையா?”

வராமல்? வீட்டை விட்டு வெளியே போயே எவ்வளவோ நாளாகியிருந்தது. இவரிடம், “பியர் குடிக்கப் போறேன்” என்று சொன்னேன். “ம்” என்றார். பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. விஷம் குடிக்கப் போகிறேன் என்றாலும் அதே ‘ம்’தான். ஒரு புருஷன் கேட்க வேண்டாமா, என்ன பியர், யாரோட, ஏன் என்று? சண்டைக்காவது ஒரு ஆள் வேண்டாமா?

சரி, போனோம். ஒரு கட்டிடத்தின் மேல்மாடி. பெரிய பெரிய எவர்சில்வர் அண்டாக்கள் கண்ணாடிக்குப் பின்னால். சுவரோடு ஒட்டி நீளமாக ஒரு பெஞ்சு, தரையோடு போல்ட் போட்டு முடுக்கியது. முன்னால் நீள மேஜை, அதுவும் அசையாது. “நீ நடுவுல போடீ” என்று என்னை உள்ளே தள்ளிவிட்டு ஒரு பக்கம் ரோஸ்லின், மறுபக்கம் இந்து. அவர்களுக்கு அப்பால் இரண்டு பக்கமும் முன்பின் தெரியாத ஜனங்கள். எழுந்து வெளியே வர வேண்டுமென்றால் பாதி வரிசை எழுந்து வழிவிட வேண்டும். உட்கார்ந்ததுமே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. முதுகுக்குச் சுவர், வயிற்றுக்கு மேஜை. வந்தவர்கள் எல்லாரும் இருபத்தைந்து, முப்பது வயசு. எங்களைப் பார்த்து யாருடைய அம்மாக்களோ தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

சொல்லிக் கொடுக்க வந்தவள் ஒரு பெண். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். சஹானா என்று பெயர். பியர் காய்ச்சுகிறவளே அவள்தானாம். கெட்டிக்காரி, ஆனால் ‘எசென்ஸ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘எஸன்ஷியல்’ என்றாள். திருத்தினேன். “தாங்க்ஸ் ஆண்ட்டி” என்றாள். இந்து என் முழங்காலில் கிள்ளினாள். திருத்தாவிட்டால் அந்தப் பெண் ஆயுசுக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்குமா இல்லையா?

ஒரு மரப்பலகையில் குழி வெட்டி, வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடி டம்ளர். முதலில் மோந்து பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு வாய். நாக்கில் வைத்திருந்து முழுங்க வேண்டும். மிச்சத்தை நடுவில் வைத்திருக்கிற எவர்சில்வர் வாளியில் கொட்டிவிட வேண்டும். அதுதான் முறையாம். எல்லாரும் ஒரு வாய் வைத்தார்கள், சளக் சளக்கென்று வாளியில் கொட்டினார்கள்.

நாங்கள் மூன்று பேரும் கொட்டவில்லை.

எப்படிக் கொட்டுவோம்? எங்கள் சாப்பாட்டு ஹாலில் சிஸ்டர் கொன்சிலியா என்று ஒருத்தி இருந்தாள். தட்டில் ஒரு பருக்கை, டம்ளரில் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. ஒருத்தி மிச்சம் வைத்தால் அவள் முடிக்கிற வரைக்கும் மேஜையில் ஒருத்தியும் எழுந்திருக்கக் கூடாது. பாகற்காய் போட்ட அன்றைக்கு ரோஸ்லினால் நாங்கள் எல்லாரும் சாயங்காலப் பிரார்த்தனை வரைக்கும் உட்கார்ந்திருக்கிறோம். நாற்பது வருஷமாகியும் கை வாளிப் பக்கம் போகவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்து கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். ரோஸ்லினும். நானும். சஹானா பார்த்துவிட்டு, “ஆண்ட்டி, முழுசாக் குடிக்க வேண்டாம், இன்னும் நிறைய இருக்கு, ஏறிடும்” என்றாள்.

“சாப்பிடற பொருளைக் கொட்டறதா?” என்றாள் ரோஸ்லின், சிஸ்டர் கொன்சிலியா குரலில்.

சிரித்தோம் பார், அப்படி ஒரு சிரிப்பு. மூக்கில் பியர் ஏறுகிற மாதிரி. அதைத்தான் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது டம்ளரில் இருந்தது உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டுக் காய்ச்சியதாம், ஜெர்மனியில் பழைய காலத்து முறையாம். “இது நீர்மோர்” என்றேன். “இதுல கருவேப்பிலையும் பெருங்காயமும் மறந்துட்டீங்க.” எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு என்னவோ போலிருந்தது. நான் சொன்னதற்கு ஒரு கூட்டம் கை தட்டுவது காலேஜ் டிபேட்டுக்கு அப்புறம் இதுதான். அடுத்தது நாவல்பழம் போட்டது. அதையும் முடித்தோம். ரோஸ்லினுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. இந்து அவளுடைய கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள், இனிமேல் எதையும் பார்க்க வேண்டியதில்லை என்கிற மாதிரி.

என்ன, எல்லாரும் ஏன் எழுந்திருக்கிறார்கள்? யானையா? இருக்கட்டும், உட்காரம்மா. யானை எங்கே போகப் போகிறது, ரோட்டைக் கடக்க அதற்கு நேரமாகும், பஸ் எப்படியும் நிற்கத்தான் போகிறது. குட்டியும் இருக்கிறதா? சரி சரி. கேள்.

நாலாவது டம்ளர் வந்தது. மஞ்சள் நிறம், வாசனை மேஜை முழுக்க அடித்தது. சஹானா சொன்னாள், “இது உங்களுக்கு எதை ஞாபகப்படுத்துதுன்னு ஒவ்வொருத்தரும் சொல்லுங்க. யோசிக்காதீங்க. முதல்ல தோணறது.” ஒரு தாடிக்காரன் ‘என் முதல் மழை’ என்றான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அடக்கவில்லை என்று இந்து அப்புறம் சொன்னாள். ரோஸ்லின் முறை வந்தது. அவள் டம்ளரை மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் அப்படியே சின்னப் பெண் முகம் ஆகிவிட்டது.

“தாட்பூட் பழம்” என்றாள், பாஷன் ஃப்ரூட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். “எங்க வீட்டுப் பின்னால வேலியில காய்க்கும். காலைல பனி ஈரத்தோட பறிச்சு, ஓட்டை உடைச்சு உறிஞ்சினா இதே ருசிதான்.”

“வாவ்! எங்க ஆண்ட்டி உங்க வீடு?” என்றாள் சஹானா.

“கோத்தகிரிக்குப் பக்கத்துல. அரவேணு.”

ரோஸ்லின் வீடு ஃப்ரேசர் டவுனில் மூன்றாவது மாடி ஃபிளாட். வேலி கிடையாது. அவள் வீட்டில் உயிரோடு இருக்கிற ஒரே செடி நான் கொடுத்த மணி பிளாண்ட்.

“எந்த வீடு?” என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். இந்து மடியிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பார், இந்த இரண்டு காரியமும் ஒரே நேரத்தில் நடந்தது. அதிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“சாப்பிடப் போகும்போது சொல்லலாம்னு இருந்தோம் சுகி” என்றாள் இந்து.

“எதை?”

“ஒரு வீடு வாங்கியிருக்கோம். நானும் இவளும். அடுத்த மாசம் போறோம்.”

“எப்ப வாங்கினீங்க?”

“தீபாவளிக்கு முன்னாடி.”

தீபாவளிக்கு அவர்கள் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்து என் கையால் செய்த முறுக்கு, ரிப்பன் பக்கோடா எல்லாம் தின்றார்கள். டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டும் போனார்கள். எங்கே எடுத்துப் போனார்கள் என்று இப்போது தெரிகிறது.

எழுந்து போய்விட வேண்டும் என்று தோன்றியது. எப்படிப் போவது? இந்தப் பக்கம் ரோஸ்லின், அந்தப் பக்கம் இந்து, அதற்கப்பால் தாடிக்காரன், அவனுடைய மனைவி, யார் யாரோ. மேஜையைத் தள்ளினேன், அசையவில்லை. அசையாது என்று சொன்னேனே. அதற்குள் ஐந்தாவது டம்ளரை வைத்துவிட்டார்கள். மரப்பீப்பாயில் இரண்டு வருஷம் கிடந்ததாம். மழையில் நனைந்த ஸ்கூல் ஷூவை அலமாரியில் பூட்டி வைத்தால் வருமே, அந்த வாசனை. எல்லாரும் மோந்து மோந்து மெச்சிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நாங்கள் மூன்று பேர் உதட்டை அசைக்காமல் பேசிக்கொண்டிருந்தோம். உதட்டை அசைக்காமல் பேசுவதும் கான்வென்ட் பயிற்சிதான்.

“மூணு பேர்னுதானேடீ பேச்சு?”

“உனக்குக் குடும்பம் இருக்கு, அவர் இருக்கார்” என்றாள் ரோஸ்லின்.

“அவர் இருக்கறது ஒரு காரணமா? அலமாரிகூடத்தான் இருக்கு.”

“சுகி, மெதுவாப் பேசு.”

“நான் மெதுவாத்தான் பேசறேன். மூணாவது கட்டில் போட இடம் இல்லையா உங்க வீட்ல?”

ரோஸ்லின் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அழுகை சுலபம். இந்துதான் பேசினாள். அவள் பேசினால் எப்போதும் நாலே வார்த்தை.

“இடம் இருக்கு. நீ வந்தா இருக்காது.”

“என்னடீ அர்த்தம் இதுக்கு?”

“உன்னோட ஒரு மத்தியானம் இருந்தா எனக்கு ரெண்டு நாள் படுத்துக்கணும் சுகி. உன் மேல எனக்குப் பிரியம்தான். ஆனா படுத்துக்கணும்.”

நான் ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே ரத்தசோகை. முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு என்று நான் தினமும் போன் செய்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், எடுப்பதே இல்லை. உடம்பில் தெம்பு இல்லாதவளுக்கு யார் வந்தாலும் அசதியாகத்தான் இருக்கும்.

“நீயும் சொல்லேன்” என்றேன் ரோஸ்லினிடம். “உனக்கும் படுத்துக்கணுமா?”

“ஜோசப் அடக்கத்தன்னிக்கு” என்று ஆரம்பித்தாள், விக்கிக்கொண்டே. “குழி பக்கத்துல நின்னுட்டு ஃபாதரோட இங்கிலீஷைத் திருத்தினியே சுகி. மண்ணு போடறப்போ.”

இதை இவ்வளவு நாள் மனசில் வைத்திருந்தாள் பார்! ஃபாதர் ‘ஹூ’ வர வேண்டிய இடத்தில் ‘விச்’ என்றார். ஜோசப்பைப் பார்த்து, ஒரு மனுஷனைப் பார்த்து, ‘விச்’! ஜோசப் மேல் இருந்த மரியாதையில்தானே சொன்னேன்? அவர் என்ன நாற்காலியா? நியாயமாக அவள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும். அதையும் சொன்னேன். அவள் இன்னும் அழுதாள்.

சஹானா வந்து, “எல்லாம் ஓகேவா ஆண்ட்டி?” என்று கேட்டாள்.

“ரொம்பப் புளிப்பு” என்றாள் இந்து.

எல்லாரும் கலைய ஆரம்பித்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெஞ்சு காலியாகிவிட்டது, வழி கிடைத்துவிட்டது. ஆனால் நாங்கள் மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் ரோஸ்லின் டம்ளரில் அந்தக் கடைசி பியர் அப்படியே இருந்தது. அவளால் குடிக்க முடியவில்லை. கையை டம்ளர் மேல் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். வாளி கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. நான் வாளியைப் பார்க்கிறேன், இந்து வாளியைப் பார்க்கிறாள். எழுந்து போக வேண்டும் என்று துடித்தவள் நான். வழியும் இருக்கிறது. ஆனாலும் அவள் டம்ளர் காலியாகாமல் எனக்கு எழுந்திருக்க வரவில்லை. சிரிக்காதே. உனக்கு அந்த மாதிரி ஸ்கூல் இல்லை.

கடைசியில் அவள் டம்ளரைப் பிடுங்கி நானே குடித்தேன். ஒரே மடக்கு. குடித்துவிட்டு, “போகலாமா?” என்று எழுந்தேன். எழுந்தேன் என்றுதான் நினைத்தேன். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிற மாதிரியே இல்லை.

அந்த இரண்டு பேரும்தான் ஆளுக்கொரு கை பிடித்து ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் நான்தான் பேசினேனாம். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை, நியாயமானதாகத்தான் இருக்கும். இவர் கதவைத் திறந்தார். மூன்று பேரையும் பார்த்தார். ஒரு கேள்வி? ஒரு கோபம்? ஒன்றும் இல்லை. என்னைச் சோபாவில் உட்கார வைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டார். அப்புறம் உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கலக்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்து, நான் குடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். உப்பே போடவில்லை. முப்பது வருஷமாக ஒரே சமையலறை, உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. இப்படிப்பட்ட மனுஷரோடு ஒருத்தி எப்படி இருக்க முடியும், நீயே சொல்.

குஞ்சப்பனை தாண்டிவிட்டதா? எப்போது? நீ சொல்ல வேண்டாமா? பரவாயில்லை, இன்னும் கொஞ்சம்தான்.

அவர்கள் அடுத்த மாதமே போய்விட்டார்கள். நான் போன் செய்யவில்லை. நான் செய்யாவிட்டால் அவர்கள் தவிப்பார்கள் என்று நினைத்தேன். ஏப்ரல், மே, ஜூன். தவித்த மாதிரி தெரியவில்லை. நான்தான் பால்கனியில் நின்று துணிக் கிளிப்புகளோடு பேசுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். போன வாரம் தாங்க முடியாமல் நானே செய்தேன். ரோஸ்லின் எடுத்தாள். “என்னை விட்டுடாதீங்கடீ” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் போனை இந்துவிடம் கொடுத்தாள்.

இந்து சொன்னாள், “ரெண்டு நாள் வந்து இரு, பார்க்கலாம். ஆனா இந்த வீட்ல ஒரு முறை இருக்கு. காலைல எழுந்ததுலேருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் யாரும் பேசறது இல்லை. நானும் இவளும் அப்படித்தான் இருக்கோம். நம்ம ஸ்கூல் ரிட்ரீட் மாதிரி. உன்னால முடியுமா?”

“ஏன் முடியாது?” என்றேன். பேசாமல் இருப்பது எனக்குத் தெரியாதா? வீட்டில் முப்பது வருஷமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்? எனக்கு அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் கடைப்பிடிக்கிறார்கள் என்றால் நானும் கடைப்பிடிப்பேன். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றால் எனக்கு ஆட்சேபணையே கிடையாது. ஒருத்திக்கு மட்டும் என்றால்தான் கேட்பேன். அதனால்தான் உன்னிடம் இப்படிக் கொட்டிக்கொண்டே வந்தேன். உள்ளே இருப்பதையெல்லாம் பஸ்ஸிலேயே தீர்த்துவிட்டுக் காலியாகப் போய் இறங்க வேண்டும். இப்போது மணி ஒன்பதரை. சாப்பாடு ஒரு மணிக்கு என்று வைத்துக்கொள். முடியும். நான் முதல் வகுப்பில் தேறினவள்.

ஸ்டாப் வந்துவிட்டதா? அதோ, அந்த டீக்கடைக்குப் பக்கத்தில், சிவப்பு ஸ்வெட்டர், ரோஸ்லின். குடை வைத்திருக்கிறாளே, அவள்தான் இந்து. என்னை அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார்கள், பார். இரண்டு பேருமே வந்திருக்கிறார்கள்.

பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆமாம், பேசத்தான் பேசுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில். ரோஸ்லின் இந்துவின் தோளில் அடித்து அடித்துப் பேசுகிறாள். இந்து சிரிக்கிறாள் பார், குடையை ஊன்றிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எனக்குத் தெரிந்து இந்து இப்படிச் சிரித்தது... விடு. டீக்கடைக்காரரையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறார்கள்.

வீட்டுக்குள்தான் பேசக் கூடாது. இது ரோடுதானே. ரோட்டுக்கு என்ன சட்டம்? அதுதான். வீட்டுக்குள் என்றுதான் இந்து சொன்னாள், ‘இந்த வீட்ல’ என்றாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இருப்பா கண்டக்டர், இறங்குகிறேன், விசில் ஊதாதே, பெட்டி இருக்கிறது. எடுத்துக் கொடு. மெதுவாக.

நீ எழுந்திருக்காதேம்மா, நான் எடுத்துக்கொள்கிறேன். நீ ஜன்னல் பக்கமே இரு. எனக்கு ஒரே ஒரு உதவி செய். நான் இறங்கி அவர்கள் பக்கம் நடக்கும்போது, என்னைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு நின்றுவிடுகிறதா என்று மட்டும் பார். நான் தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன், பார்க்க மாட்டேன். நீ பார். பார்த்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள். எனக்குச் சொல்ல வேண்டாம்.